அக்கா கையில் அக்கி இல்லை

3 நவம்பர் 1990, சனி

மழை. மேற்கே மலை இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. சீருடைப் பாவாடை காயவில்லை. அடுப்புக்கு மேலே கொடியில் தொங்குகிறது, புகை வாடை அடிக்கும்.

இந்த டைரி கணேசன் மாமா தீபாவளிக்குத் தந்தது. போன வருடத்து டைரி. கிழமைகளை அடித்துத் திருத்திக்கொண்டே வர வேண்டும். பரவாயில்லை, தாள் வழவழப்பு.

டைரி எழுதுபவர் முதலில் வீட்டில் இருப்பவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று எங்கோ படித்தேன். ஆகவே:

அப்பா. மில் தொழிலாளி. ஆடியிலிருந்து லே-ஆப். வெற்றிலை போட்டபடி வாசலில்.
அம்மா. எல்லா வேலையும்.
பேச்சி அக்கா. வயது இருபது. நன்றாக நடப்பாள், சிரிப்பாள், சொன்னதைச் செய்வாள். பேச்சு மட்டும் ஒன்றிரண்டு சொல். மூளை வளர்ச்சி போதவில்லை என்று மதுரை டாக்டர். தெருவில் வேறு ஒரு சொல் உண்டு, அதை இங்கே எழுத மாட்டேன்.
கணேசன் மாமா. அம்மாவின் தம்பி. சோழபுரம். ஞாயிறு தவறாமல் சைக்கிளில் வருவார்.
நான். கோமதி. பத்தாம் வகுப்பு.

அப்பாவுக்கு வேலை நின்றதும் அக்காவை பேண்டேஜ் துணி தயாரிக்கும் செட்டில் சேர்த்தோம். துணியைச் சுருட்டி அடுக்கும் வேலை. முதலில் சந்தோஷமாகத்தான் போவாள். இப்போது ஒரு மாதமாக வாசலில் செருப்பை மாட்டுவதும் கழற்றுவதும். அம்மா, "சோம்பேறி வேசம் போடுதா" என்கிறாள்.

இன்று அக்காவின் இடது கையில், முழங்கைக்குக் கீழே உள்பக்கம், கொப்புளங்கள். அம்மா பார்த்ததும், "அக்கி." உடனே அக்கி எழுத, பானை வனையும் வேளார் வீட்டுக்கு நடை. சூளைக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தவர் கையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. காவியைக் குழைத்துக் கோழி இறகால் புண்ணைச் சுற்றி ஏதோ மிருகம் மாதிரி எழுதினார். தண்ணீர் படக் கூடாதாம். அக்காவுக்குப் படம் பிடித்துவிட்டது, தெரு முழுக்கக் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் விளக்கு ஏற்ற அம்மா தீப்பெட்டியை உரசினாள். அக்கா கையை நீட்டினாள். "திருநீறு கேக்கு பாரு பிள்ள" என்று அம்மாவுக்குப் பெருமை. விரல்களை இறுக்கி மடக்கி வைத்திருந்தாள், அம்மாதான் பிரித்துத் திருநீறு வைத்தாள்.

செய்ய: வரலாறு 7ஆம் பாடம். நூலகப் புத்தகம் திருப்ப. கணக்கு, ஒன்றும் செய்யவில்லை.

4 நவம்பர், ஞாயிறு

மழை விட்டது. மாமா வந்தார். சைக்கிள் கம்பியில் வாழைத்தார்.

"ஏட்டி கோமதி, டைரி எழுதுதியா? என்னைப் பத்தி நல்லா எழுதணும்."

"கிழமை எல்லாம் தப்பா இருக்கு மாமா."

"கிழமை தப்பா இருந்தா என்னட்டி, வருசம் பூரா ஞாயித்துக்கிழமைன்னு எழுதிக்கோ."

சாப்பிட்டு முடித்து மாமா பீடி பற்றவைத்தார். அக்கா ஓடிவந்து கையை நீட்டினாள். மாமா சிரித்தபடி மடங்கிய விரலைப் பிரித்து அதிரசத்தை வைத்தார். அக்கா அதிரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தின்றாள்.

6 நவம்பர், செவ்வாய்

குழாயடியிலிருந்து வந்ததும் எழுதுகிறேன். எழுத்து கோணல்.

குழாயடியில் மும்தாஜ் அக்கா. எங்கள் தெருதான், அதே செட்டில் துணி வெட்டுகிறார். என் குடத்தை நிரப்புவது போலக் குனிந்து, "அது அக்கி இல்லட்டி" என்றார்.

"பொறவு?"

"பீடி. மேஸ்திரி. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல துணி ரூமுக்குக் கூப்பிடுவான். கையை நீட்டச் சொல்லுவான். உங்கக்கா சத்தம் போட மாட்டாளாம், அதப் பாக்கணுமாம். கூட ரெண்டு பயலுக சிரிச்சிக்கிட்டு நிப்பானுக."

குடம் வழிந்து பாவாடை நனைந்தது.

"நீங்க பாத்தீங்களா?"

"கதவு வழியாப் பாத்தேன். ஏட்டி, நான் சொன்னேன்னு வெளிய போச்சு, என் பொழப்பும் போச்சு. மூணு பொம்பளப் பிள்ளைய வச்சிருக்கேன். அல்லா மேல சத்தியம் பண்ணு."

"நான் எப்படி அல்லா மேல…"

"ஒன் சாமி மேல பண்ணு, எல்லாம் ஒண்ணுதான்."

செய்துவிட்டேன்.

மேஸ்திரி பெயர் தங்கராசு. இனி இதில் த. என்று மட்டும் எழுதுவேன். யாராவது எடுத்துப் படித்தால்?

7 நவம்பர், புதன்

பள்ளியில் ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை.

வந்ததும் சொன்னேன். "அம்மா, அது அக்கி இல்ல. பீடியால சுட்டது."

அம்மா அக்காவின் கையைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்தாள். காவி காய்ந்து வெடித்திருந்தது. அதன் அடியில் வட்டங்கள். ஒவ்வொன்றும் பீடி முனை அளவு. அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. அதுவரை ஏன் தெரியவில்லை? அக்கி என்று பெயர் வைத்தோம், பிறகு யாருமே பார்க்கவில்லை.

அப்பா அக்கா முன்னால் உட்கார்ந்தார். "தாயி, ஆரும்மா சுட்டா?"

அக்கா: "மாமா."

அப்பா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்த பார்வை. "ஒன் தம்பி பீடி குடிப்பாம்லா?"

"வாயைக் கழுவுங்க! தூக்கி வளத்த பய அவன்."

"மாமான்னு சொல்லுதாளே."

"அப்பா, அது செட்டு மேஸ்திரி" என்றேன்.

"ஒனக்கு ஆரு சொன்னா?"

சத்தியம். "செட்டுல பேசிக்கிடுதாக" என்று மட்டும் சொன்னேன். அப்பா நம்பினாரா, தெரியவில்லை.

அக்காவுக்கு எல்லா ஆண்களும் மாமாதான். பால்காரர் மாமா, தபால்காரர் மாமா, கண்டக்டர் மாமா. பெரியவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று சின்ன வயதில் அடித்துப் பழக்கியது நாங்கள்தான். மரியாதை கற்றுக் கொடுத்தோம்.

அம்மா அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் போனதும் தேங்காய் துருவத் தொடங்கினாள்.

9 நவம்பர், வெள்ளி

லீவு போட்டேன். காய்ச்சல் என்று லீவு லெட்டர். பொய்.

ஆஸ்பத்திரி. வரிசை. இளம் டாக்டர், நல்லவர்தான், ஆனால் தூங்கி எந்திரித்தவர் மாதிரி. "என்ன இது சிவப்பா? மொதல்ல இதைக் கழுவுங்க." நர்ஸ் பஞ்சை வைத்துத் தேய்க்கக் காவியோடு கொப்புளத் தோலும் வந்துவிட்டது. அக்கா சத்தம் போடவில்லை. தாவணியைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். நர்ஸ், "எம்புட்டுப் பொறுமை பாருங்க" என்று பாராட்டினார்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அந்தப் பாராட்டைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

டாக்டர் எழுதியது: பழைய புண், மேல்தோல் உரிந்துள்ளது, காரணம் உறுதியாகச் சொல்ல இயலாது. "முன்னாலேயே வந்திருந்தா வட்டம் தெளிவா இருந்திருக்கும்மா" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா வேளார் சூளையைக் கடக்காமல் சுற்றிக்கொண்டு வந்தாள்.

இன்றைய சொல்: *வாக்குமூலம்*. வாக்கு என்றால் பேச்சு. பேச்சு வராதவர்களுக்கு என்ன மூலம்? அகராதியில் அது இல்லை.

10 நவம்பர், சனி

ஸ்டேஷனுக்கு அப்பா, அம்மா, அக்கா, நான். அக்காவுக்குத் தீபாவளிப் பாவாடை. போலீஸ் தொப்பியைப் பார்த்துச் சிரித்தாள்.

புகார் எழுதுபவர் ஒரு ஏட்டய்யா. நரைத்த மீசை, மூக்கு நுனியில் கண்ணாடி. ஆஸ்பத்திரிச் சீட்டை வாசித்தார். நானாகவே முந்திக்கொண்டு அக்கி எழுதியதையும் சொல்லிவிட்டேன், உண்மையை மறைக்கக் கூடாதென்று.

"ஏம்மா, கையில அக்கின்னு எழுதியிருக்கீக. டாக்டரு எனக்குத் தெரியாதுன்னு எழுதியிருக்காரு. நீங்க பீடின்னு எழுதச் சொல்லுதீக. நான் எதைத்தான் எழுத?"

பிறகு அக்காவிடம். "பாப்பா, ஆரு சுட்டா?"

"மாமா."

"எந்த மாமா?"

"மாமா."

அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "ஒனக்குத் தம்பி இருக்கானா?"

"இருக்கான்."

"பீடி உண்டா?"

"உண்டு…"

"பேரு?"

"கணேசன்" என்றாள் அம்மா. கேட்டால் சொல்லிப் பழகிய வாய். பேனா ஓடியது. அவர் வாசித்துக் காட்டினார்: "மேற்படி பெண்ணின் தாய்மாமன் கணேசன் என்பவர்…"

அம்மா கத்திய கத்தல். "ஐயா, ஐயா, அவன் இல்ல! இவ எல்லா ஆம்பளையையும் மாமான்னுதான் சொல்லுவா. ஒங்களையும் சொல்லுவா!"

அக்கா ஏட்டய்யாவைப் பார்த்து அழகாகச் சிரித்து, "மாமா" என்றாள்.

மூலையில் இருந்த போலீஸ்காரர், "அண்ணாச்சி, நீங்களும் அக்யூஸ்டு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும். எனக்கு அந்த மேசையைக் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது.

ஏட்டய்யா பீடி எடுத்தார். தீக்குச்சியை உரசியதும் அக்கா கை நீண்டது. "பாரு, காசு கேக்கா" என்று மேசை மேலிருந்த வாழைப்பழத்தைப் பிய்த்து, விரலைப் பிரித்துக் கொடுத்தார்.

கடைசியில் சொன்னது: "பேரு வேணும். அவ வாயால பேரு சொல்லட்டும், எழுதுதேன். மாமான்னு சொன்னா ஊர்ல பாதிப் பேரைப் பிடிக்கணும்லா." தாளை மடித்து டிராயரில் போட்டார். கணேசன் மாமா பெயர் எழுதிய தாள்.

11 நவம்பர், ஞாயிறு

மாமா வரவில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவை. பெயர் எழுதியதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். அம்மா பாதைப் பக்கமே பார்த்துக்கொண்டு அரிசி புடைத்தாள். அப்பா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

நான் ஒரு முடிவு எடுத்தேன். பேர்தானே வேண்டும்? கற்றுக் கொடுக்கிறேன். எனக்கே ஒன்றுமே புரியாத அல்ஜீப்ராவை டீச்சர் கற்றுக் கொடுத்தார்களே.

முறை: கொப்புளத்தைக் காட்டுவது. "யாரு?" என்பது. "தங்கராசு மேஸ்திரி" (இந்த ஒரு தடவை மட்டும் முழுப் பெயர்) என்று நானே சொல்வது. அக்கா திருப்பிச் சொன்னால் பொரிகடலை.

முதலில் "தங்". பிறகு "தங்காசு". மதியத்துக்குள் "தங்காசு மேத்தி".

அக்காவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். அவளுக்கு ஒரே குஷி. பொரிகடலை தீர்ந்தது.

13 நவம்பர், செவ்வாய்

தங்காசு மேத்தி, தங்காசு மேத்தி. குளிக்கும்போது, சாப்பிடும்போது, ஆட்டைப் பார்த்து. ஒரு பிழையும் இல்லை.

அம்மா: "ஏட்டி, அந்தச் சனியன் பேரை வீட்ல ஓதாதீங்கட்டி."

நாளை போகிறோம். கடவுளே.

14 நவம்பர், புதன்

பள்ளியில் குழந்தைகள் தினம். ஆளுக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய். அதை அக்காவுக்கு என்று வைத்துக்கொண்டு நேராக ஸ்டேஷன்.

ஏட்டய்யா தாளை எடுத்து வைத்தார். பேனாவைத் திறந்தார். "பாப்பா, ஒன்னைச் சுட்டது ஆரு?"

"தங்காசு மேத்தி."

எனக்குக் காதெல்லாம் சூடு. அப்பா முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஏட்டய்யா எழுதவில்லை. என்னைக் காட்டி, "இது ஆரு?" என்றார்.

"தங்காசு மேத்தி."

"நான் ஆரு?"

"தங்காசு மேத்தி." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, பொரிகடலைக்கு உள்ளங்கையை விரித்தாள்.

அவர் பேனாவை மூடினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். "சொல்லிக் குடுத்துட்டியே பாப்பா" என்றார். "இது கிளிப்பிள்ளைச் சாட்சி. இனிமே அவ நெசத்தைச் சொன்னாலும் ஒருத்தனும் நம்ப மாட்டான்."

வெளியே அப்பா எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். அம்மா அக்காவின் கையைப் பிடித்திருந்தாள். யாரும் என்னைத் திட்டவில்லை. மிட்டாய் பாவாடைப் பையில் உருகி ஒட்டிவிட்டது.

15 நவம்பர், வியாழன்

எழுத ஒன்றும் இல்லை.

அக்கா கேட்காமலே சொல்கிறாள். பொரிகடலை இல்லை என்றதும் இன்னும் சத்தமாகச் சொல்கிறாள். எப்படி அழிப்பது? கற்பிக்க வழி உண்டு, மறக்க வைக்க வழி இல்லை.

17 நவம்பர், சனி

ஸ்ரீவில்லிபுத்தூர். அப்பாவும் நானும். பஸ்ஸில் நின்றுகொண்டு. கோபுரம் தெரிந்ததும் அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார், நானும். பால்கோவாக் கடை வாசனை. பசி. கேட்கவில்லை.

கோர்ட்டுக்கு எதிரே மாடியில் ஒரு வக்கீல். அப்பாவின் மில் நண்பர் சொல்லிவிட்டது. நான் எழுதி எடுத்துப் போன கேள்விகளை வாசித்துவிட்டு, "இது யார் எழுதினது?" என்றார். அப்பா பெருமையோடு என்னைக் காட்டினார். எனக்குச் சாகலாம் போல இருந்தது.

அவர் சொன்னவை, மறக்காமல் இருக்க:

சாட்சிக்குப் புத்தி இவ்வளவு இருக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. கேட்டது புரிந்து, புரிகிற மாதிரி பதில் சொன்னால் போதும்.
வாய் பேசாதவர் சைகையில் சொல்லலாம். அதுவும் செல்லும்.
ஆனால் சொல்லிக் கொடுத்த சாட்சி செல்லாது.

"ரெண்டாவது சொன்னேன் பாரு, அதைச் செஞ்சிருக்கலாம்" என்றார். "உங்கக்கா தானா எப்படிக் காட்டுதுன்னு பொறுமையாப் பாத்திருக்கலாம். இப்ப அந்தாளு தரப்புல இந்தப் பேரு சொல்லிக் கொடுத்ததை மட்டும்தான் கேப்பாங்க. நேர்ல பாத்தவங்க யாராவது உண்டா?"

மும்தாஜ் அக்கா முகம். மூன்று பிள்ளைகள். "உண்டு சார். வர மாட்டாங்க."

"அப்ப ரொம்பக் கஷ்டம்மா."

திரும்பும் வழியில், கிருஷ்ணன்கோவில் போகிற ஒரு பஸ்ஸில் பாட்டு பலமாக ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டாண்டில் நின்ற அப்பா அதையே பார்த்துக்கொண்டு, "ஒன் மாமன் இல்லைன்னுதான் நானும் நெனைக்கேன். ஆனா அந்தத் தாள்ல எழுதியாச்சே" என்றார்.

20 நவம்பர், செவ்வாய்

சாட்சி சொல்ல வாங்க என்று மும்தாஜ் அக்காவிடம் கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "சத்தியம் பண்ணுனியா இல்லையா?" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி நின்றார். பிறகு போய்விட்டார்.

தெருமுனைப் பையன்கள்: "ஏ தங்காசு மேத்தி!" அக்காவுக்கு இப்போது அதுதான் பெயர். திரும்பிச் சிரிக்கிறாள்.

வகுப்பில் அறிவியல் டெஸ்ட். நூற்றுக்கு முப்பத்தொன்று. வாழ்க்கையில் முதல் ஃபெயில்.

22 நவம்பர், வியாழன்

செட்டு முதலாளியிடமிருந்து ஆள். முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுவார்களாம், இந்த ஆள் அதைச் சொல்லிக் காட்டினார், "வாங்கங்கிறதுக்கு ரண்டி, ரண்டின்னு மரியாதையாக் கூப்பிடுற மனுசம்மா அவரு" என்று. சேதி: புகாரை விட்டுவிட வேண்டும். அக்கா திங்கட்கிழமை வேலைக்கு வரலாம். அம்மாவுக்கும் செட்டில் வேலை. த. நேரில் வந்து சமாதானம் பேசிவிட்டுப் போவான்.

அம்மா சரி என்றுவிட்டாள்.

நான் கத்தினேன். "திரும்ப அவன்கிட்டயா அனுப்புவ?"

"நானும் கூடத்தானட்டி இருப்பேன்."

"சாப்பாட்டு நேரத்துல நீ எந்த ரூம்ல இருப்ப? ஒன்னையத் துணி வெட்டுற பக்கம் போட்டா?"

அம்மா உலக்கையைக் கீழே வைத்தாள். "புகாரு எங்க இருக்கு? அதுல ஆரு பேரு இருக்கு? என் தம்பி பேரு. அதை அழிக்கணும்னா கையெழுத்துப் போடணும்னு சொல்லுதாக. நீ படிச்சு எங்கயாவது போயிருவ. நாங்க போனப் பொறவு அவளுக்குக் கஞ்சி ஊத்த ஆரு இருக்கா? அவன் ஒருத்தந்தான் மாமன். அவனையும் தொலைச்சிட்டு நிக்கவா?"

உலக்கையை எடுத்து மூலையில் சாத்தினேன். இது புத்தகத்தில் தேடினால் கிடைக்கிற பதில் இல்லை.

திங்கட்கிழமை. திங்கட்கிழமை. திங்கட்கிழமை.

24 நவம்பர், சனி

அக்கா செருப்பை ஒளித்து வைத்தேன். அம்மா கண்டுபிடித்துவிட்டாள்.

அக்காவைக் கூட்டிக்கொண்டு வத்திராயிருப்பு பஸ் ஏறினால்? அங்கே யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் என்ன செய்வது என்று யோசித்தேன். அதற்கு மேல் யோசனை ஓடவில்லை.

அக்கா என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். தலையில் பேன். எடுத்துக்கொண்டே இருந்தேன்.

25 நவம்பர், ஞாயிறு

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். ஒரு சொல்லும் கூட்டாமல்.

காலையில் மாமா வந்தார். அம்மா சொல்லிவிட்டிருந்தாள். வாழைத்தார் இல்லை. என்னிடம் டைரி பற்றிக் கேட்கவில்லை. அப்பாவுக்கு எதிரே உட்காராமல் அடுப்படி வாசல்படியில் உட்கார்ந்தார்.

பதினோரு மணி போல ஏட்டய்யா, தாளோடு. ஸ்டேஷனுக்கு வரக் கூச்சமாக இருக்கிறது என்று அம்மா கேட்டுக்கொண்டதால் அவரே வந்தார். பின்னாலேயே த. நான் அவனை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. ராட்சசன் மாதிரி இருப்பான் என்று நினைத்திருந்தேன். சாதாரணமாக இருக்கிறான். சலவை வேட்டி, நெற்றியில் சந்தனம், கையில் பழப்பை.

"வாங்க" என்றாள் அம்மா. அப்படிச் சொல்லத்தான் வேண்டும்.

த. பேச்சு: "பேச்சி நம்ம வீட்டுப் பிள்ள மாதிரிண்ணே. செட்டுல அம்புட்டுப் பேரும் அவ மேல பாசம். ஆரோ ஆகாதவன் கெளப்பி விட்ட கத. ஒடம்புல அக்கி வந்ததுக்கு நானா பொறுப்பு?"

அப்பா வெற்றிலையை மென்றார். ஏட்டய்யா சமாதானக் கடிதத்தை வாசித்தார். தவறான புரிதலால் கொடுக்கப்பட்ட புகார், கணேசன் என்பவர் மீதோ வேறு எவர் மீதோ… அப்படிப் போனது. கையெழுத்துப் போட அப்பாவிடம் என் பேனாவைக் கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன்.

அம்மா: "பேச்சி, மாமாக்குத் தண்ணி குடு."

அக்கா அடுக்களையிலிருந்து செம்போடு வந்தாள். யார் வந்தாலும் கொடுப்பாள், நாங்கள் பழக்கியது. த.வைப் பார்த்ததும் நின்றாள். பிறகு வந்து செம்பை அவன் முன்னால் வைத்தாள். "மாமா" என்றாள். தண்ணீர் தரையில் கொஞ்சம் சிந்தியிருந்தது.

த. சிரித்தான். "பாத்தீகளா, எம்புட்டு மரியாத." எல்லாம் முடிந்த நிம்மதியில் மடியிலிருந்து பீடிக்கட்டை எடுத்து, ஏட்டய்யாவுக்கு ஒன்று நீட்டினான். தனக்கு ஒன்று. தீப்பெட்டியை உரசினான்.

அக்கா தாவணி நுனியைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். கண்ணை இறுக்கி மூடினாள். இடது கையை, விரல்களை மடக்கி, உள்பக்கம் மேலே தெரிய, அவன் முன்னால் நீட்டினாள்.

அம்மா இதைத் திருநீறு என்று நினைத்தாள். மாமா தின்பண்டம் என்று நினைத்தார். ஏட்டய்யா காசு என்று நினைத்தார். நான் எதுவுமே நினைக்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

அவன் ஒருவனுக்குத்தான் அந்தக் கை எதற்கென்று தெரியும். தீக்குச்சியைப் பார்த்தபடியே, பழகிய நாயை விரட்டுவது போல, மெதுவாகச் சொன்னான்:

"இன்னைக்கு வேணாம். கைய எடு."

தீக்குச்சி விரல் வரை எரிந்ததும் அவனே உதறினான்.

ஏட்டய்யா பற்றவைக்காத பீடியை வாயிலிருந்து எடுத்தார். "என்ன வேணாம்?"

"இல்ல… காசு கேக்காளேன்னு…"

"காசு கேட்டா வாயில துணிய ஏன் வைக்கா?"

த. தீப்பெட்டியை மடியில் செருகப் பார்த்தான்.

"இன்னைக்கு வேணாம்னா, என்னைக்கு வேணும்?"

மாமா படியிலிருந்து எழுந்தார். அப்பா கையை நீட்டி அவரைத் தடுத்தார். தடுத்த கையை எடுக்காமல் மாமாவின் தோளிலேயே வைத்துக்கொண்டார். மற்றொரு கையில் என் பேனா. கையெழுத்து இன்னும் போடவில்லை.

ஏட்டய்யா அந்தத் தாளை இரண்டாகக் கிழித்தார். "பாப்பா, வெள்ளைத் தாளு இருக்கா?" என்னைப் பார்த்துக் கேட்டார். கணக்கு நோட்டிலிருந்து கிழித்துக் கொடுத்தேன். "இதை நீ சொல்லிக் குடுத்தியா?"

"இல்ல சார்."

"தெரியும்" என்றார். எழுதத் தொடங்கினார்.

அக்கா கையை எடுக்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே நின்றாள். சூடு இன்னும் வரவில்லையே என்று காத்திருக்கிறாள். அம்மா போய் அந்தக் கையைப் பிடித்து இறக்கப் பார்த்தாள். இறங்கவில்லை. அவ்வளவு விறைப்பு.

26 நவம்பர், திங்கள்

வெயில். மலை பளிச்சென்று.

அக்கா செட்டுக்குப் போக மாட்டாள்.

த. நேற்று ஸ்டேஷனில் இருந்தான், ராத்திரியே ஜாமீனில் வந்துவிட்டானாம், முதலாளி ஆள் அனுப்பியிருக்கிறார். ஏட்டய்யா அப்பாவிடம், "நான் காதால கேட்டதை எழுதியிருக்கேன். கோர்ட்டுல நிக்குமான்னு சத்தியமாச் சொல்ல மாட்டேன். வேணாம்னு ஒரு வார்த்தை, அம்புட்டுத்தான் கையில இருக்கு" என்றாராம். நேற்று முழுவதும் வானத்தில் இருந்தேன். மறுபடி தரை.

மும்தாஜ் அக்கா வீட்டு வாசலில் சும்மா நின்றார். உள்ளே வரவில்லை. "ஒங்கம்மா இருக்காளா?" என்றார். இருக்கிறாள் என்றதும், "பொறவு வாரேன்" என்று போனார். வருவாரா?

நான் இன்று பள்ளிக்குப் போக வேண்டும். முதல் பீரியட் கணக்கு. வீட்டுப்பாடத்துக்கு வைத்திருந்த தாள் ஏட்டய்யாவிடம்.

அக்கா இன்னும் தூங்குகிறாள். காப்பி போட அம்மா தீப்பெட்டியை எடுத்தாள், அக்காவைப் பார்த்தாள், பெட்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். உரசும் சத்தம் லேசாகத்தான் கேட்டது.

அக்கா தூக்கத்திலேயே கையை நீட்டினாள்.